நன்கொடையாக வந்த அம்புலன்ஸ்களும் நாமே கேட்கவேண்டிய கேள்விகளும்

இலங்கையில் 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை அறியாதோர் இன்று மிகச் சிலரே. 2016 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பிக்கப்பட்ட 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற வைபவத்துடன் வடக்குக்கும், அதனைத் தொடர்ந்து ஏனைய மாகாணங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. முதற்கட்டத்துக்கு 75 இலட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டொலரையும், இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றரைக் கோடி டொலர் அளவையும் இந்திய அரசாங்கம் நன்கொடையாக வழங்கியது. வண்டிகளின் தொகை 297 ஆக உயர்ந்தது. நெஞ்சுவலியால் துடிப்பவரையும் வீதி விபத்தில் சிக்கியவரையும் ஓட்டோவிலோ உழவு இயந்திரத்திலோ ஏற்றிக்கொண்டு வைத்தியசாலையைத் தேடி ஓடிய காலத்தை மறந்துவிடாத எமது மக்களுக்கு இச்சேவை எத்துணை பெரிய ஆறுதல் என்பதை விபரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் வண்டி வாசலுக்கு வந்துவிட்டால் மட்டும் உயிர் காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து வைத்தியசாலையின் வாசல் வரையான அந்த அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பது தனியான ஓர் அறிவுத்துறையாகும். வைத்தியசாலைக்கு முந்திய அவசர சிகிச்சை என்று அதனைக் கூறலாம். சுவசெரியவின் முதலாவது தொகுதி உதவியாளர்கள் ஐதராபாத்தில் பயிற்றப்பட்டவர்கள். அவர்கள் கற்ற விதிமுறைகளில் பல அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உருவானவை. வண்டியை நன்கொடையாகப் பெற்றதைப் போலவே வண்டிக்குள் செய்ய வேண்டியவற்றையும் நாம் இரவல் பெற்றிருக்கிறோம். அந்த இரவல் அறிவு எமது வீதிகளுக்கும், எமது நோய்களுக்கும், எமது மொழிகளுக்கும் பொருந்துகின்றதா என்று பார்ப்பதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் பெரும்பாலும் இளம் வயதினராகவே இருப்பர். அவர்களுக்குச் சிறிது பணமும் சிறிது நேரமும் வேண்டும். இக்கட்டுரை அந்தப் பணத்தையும் நேரத்தையும் பற்றியது.

மருத்துவம் பயிலாத எம்மைப் போன்றோர், அவசர சிகிச்சையில் எல்லாம் எப்போதோ தீர்மானிக்கப்பட்டுவிட்டன என்றே எண்ணிக்கொண்டிருப்போம். உண்மை நேர்மாறானது. இரத்தம் வெளியேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உடனடியாக நாளத்தின் வழியே சேலைன் ஏற்ற வேண்டும் என்பது பல தசாப்தங்களாக எவரும் ஐயுறாத விதியாக இருந்தது. இழந்ததை ஈடுசெய்ய வேண்டும் என்பது சாதாரண அறிவுக்கும் பொருந்துவதுதானே! அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இந்த விதியைப் பரிசோதிக்கத் துணிந்தார்கள். உடலின் நடுப்பகுதியில் துப்பாக்கிச் சூடோ கத்திக்குத்தோ பட்டு, இரத்த அழுத்தம் 90 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்த 598 பேர் அவ்வாய்வில் அடங்கினர். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறையில், ஒரு பகுதியினருக்கு அம்புலன்ஸிலேயே திரவம் ஏற்றப்பட்டது. மற்றப் பகுதியினருக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தை அடையும்வரை ஏற்றப்படவில்லை. 1994 இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. உடனடியாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதமானோர் உயிர் பிழைத்திருக்க, ஏற்றாமல் விரைந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் 70 சதவீதமானோர் பிழைத்திருந்தனர். இரத்த அழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தும்போது, காயத்தில் உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்துவிடுகிறது. எஞ்சிய இரத்தமும் நீர்த்துப் போகிறது. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட காரியம் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் உயிரிழப்பைக் கூட்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

நின்றுபோன இதயத்தின் கதையும் இத்தகையதே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 17 நகரங்களில், வீட்டிலோ வீதியிலோ இதயம் நின்றுபோன 5,600 க்கும் மேற்பட்டோரை ஒட்டாவாவைச் சேர்ந்த வைத்தியர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்தனர். விரைந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கனவே இருந்த அந்நகரங்களில், மூச்சுக்குழாய் செலுத்துதல், நாளவழி மருந்து போன்ற உயர்தரச் சிகிச்சையும் அம்புலன்ஸில் சேர்க்கப்பட்டபோது உயிர் பிழைத்தோரின் வீதம் 5.0 இலிருந்து 5.1 ஆக மட்டுமே மாறியது. 2004 இல் வெளியான இவ்வாய்வு, பெரும் பொருட்செலவிலான பயிற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று காட்டியதோடு, எது பலன் தந்தது என்பதையும் காட்டியது. இதயம் நின்றதை ஒருவர் நேரில் கண்டதும், பக்கத்தில் நின்றவர் தாமதியாது நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும், மின்னதிர்ச்சி விரைவாகக் கிடைத்ததுமே அவை. எந்தச் செலவைத் தவிர்த்து எதில் முதலிட வேண்டும் என்று ஒரு வறிய நாட்டுக்கு இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

அட்ரினலின் மருந்தின் கதை இன்னும் சிக்கலானது. நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைக்க அது தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தப்பட்டு வந்தது. பிரித்தானியாவின் ஐந்து அம்புலன்ஸ் சேவைகளில் 8,014 நோயாளிகளிடையே, எழுமாற்று முறையில் ஒரு பகுதியினருக்கு அட்ரினலினும் மறு பகுதியினருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வு 2018 இல் வெளியானது. முப்பது நாட்களின் பின் உயிருடன் இருந்தோர் அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதம்; பெறாதவர்களில் 2.4 சதவீதம். மருந்து பயன் தருகிறது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களில் மூளை மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் முதற்பகுதியில் 31 சதவீதமாகவும் மற்றதில் 18 சதவீதமாகவும் இருந்தனர். நினைவும் பேச்சும் அற்றுப் படுக்கையில் கிடக்கும் தந்தையை வருடக்கணக்கில் பராமரித்த குடும்பங்களுக்கு இந்த இலக்கங்களின் கனம் புரியும். உயிர் என்றால் என்ன, அதனை எந்த விலையில் மீட்பது என்ற கேள்வியை இவ்வாய்வு எழுப்பியது. விடையை மருத்துவர்கள் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் கேள்வியை எழுப்புவதற்கே ஆய்வொன்று தேவைப்பட்டது.

இவையெல்லாம் ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் பெருந்தொகைப் பணத்தையும் வேண்டிய ஆய்வுகள். எனினும் இத்தகைய பெரும் ஆய்வுகள் ஒருபோதும் பெரிதாகத் தொடங்குவதில்லை. நடமாடும் இருதய சிகிச்சைப் பிரிவு என்ற எண்ணமே 1966 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் நடைமுறைக்கு வந்தது. மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வைத்தியசாலையை அடையுமுன்னரே இறந்துவிடுகின்றனர் என்பதை அங்கிருந்த ரோயல் விக்டோரியா வைத்தியசாலையின் பிராங் பன்ட்றிஜ் என்னும் இருதய நிபுணரும் ஜோன் கெடெஸ் என்னும் இளம் வைத்தியரும் கவனித்தனர். அப்படியானால் வைத்தியசாலையை நோயாளியிடம் கொண்டுசெல்ல வேண்டியதுதானே என்று அவர்கள் எண்ணினர். மோட்டார் வாகன பற்றரிகளால் இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்றைப் பழைய அம்புலன்ஸில் ஏற்றினர். அதன் நிறை ஏறத்தாழ 70 கிலோ. சக வைத்தியர்கள் சிலர் எள்ளி நகையாடினர். 1967 இல் அவர்களுடைய கட்டுரை 'லான்செட்' சஞ்சிகையில் வெளியானதன் பின்னர் அந்த நகைப்பு அடங்கியது. உலகெங்கும் அந்த முறை பரவியது. இன்று விமான நிலையங்களின் சுவர்களில் தொங்கும் சிறிய கருவிகள் அந்த எழுபது கிலோ சுமையின் வழித்தோன்றல்களே.

ஆய்வுத் தொழிலின் தொடக்க நிலையில் இருப்போருக்கான நிதி என்று உலக நாடுகளில் பேசப்படுவது, இத்தகைய முதல் எண்ணத்துக்கு வழங்கப்படும் உதவியையே குறிக்கும். படித்துப் பட்டம் பெற்று, சேவையில் சேர்ந்து சில வருடங்களே ஆன வைத்தியர், தாதி அல்லது அம்புலன்ஸ் உதவியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளாந்தம் கண்முன்னே ஒரு தவறு நடப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. அதனை நிரூபிக்க வழியில்லை. பெரிய நிதி நிறுவனத்திடம் விண்ணப்பித்தால், இதற்கு முன் என்ன ஆய்வு செய்திருக்கிறீர் என்று கேட்கிறார்கள். ஆய்வு செய்யாதவருக்கு நிதியில்லை. நிதியில்லாதவரால் ஆய்வு செய்ய முடியாது. இந்த வட்டத்தை உடைப்பதற்காகவே சிறிய தொகையொன்று, அனுபவத்தை அல்லாமல் கேள்வியின் தரத்தைப் பார்த்து வழங்கப்படுகிறது. அதில் பெரும் பகுதி கருவிகளுக்குச் செலவாவதில்லை, நேரத்தை வாங்குவதற்கே செலவாகிறது என்பதைப் பலர் அறியார். வாரத்தில் இரண்டு நாட்கள் கடமையிலிருந்து விடுவித்து, அந்த நாட்களில் வேறொருவரை அமர்த்துவதற்கான சம்பளத்தை நிதி வழங்குகிறது. இரவுக் கடமை முடிந்து, பகலில் தனியார் மருத்துவ நிலையத்திலும் பணியாற்றிவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய்யுங்கள் என்று எமது இளம் வைத்தியர்களிடம் கூறுவது, அவர்களிடம் ஆராய்ச்சியே வேண்டாம் என்று கூறுவதற்குச் சமனாகும்.

இத்துறை மற்றைய மருத்துவத் துறைகளைவிட ஏன் பின்தங்கியது என்பதற்கும் காரணமுண்டு. இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் மருந்துக் கம்பனிகள் ஆராய்ச்சிப் பணத்தைக் கொட்டுகின்றன. இரத்தப்பெருக்கை நிறுத்த ஒரு துணியைக் கட்டுவதா, எப்படிக் கட்டுவது என்ற கேள்வியில் எந்தக் கம்பனிக்கும் இலாபமில்லை. பல்கலைக்கழகங்களிலோ இதற்கெனத் தனியான பீடமும் பேராசிரியரும் அரிது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாகக் கொண்டு நிபுணர்களைப் பயிற்றத் தொடங்கியதே 2010 களில்தான். நோயாளி வைத்தியசாலைக்குள் நுழைந்த பின்னரே அவர் பற்றிய பதிவேடு தொடங்குகிறது. அதற்கு முன்னர் நடந்தவை இன்னொரு நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அதிகாரம் எவருக்கும் தெளிவாகத் தரப்படுவதில்லை.

செல்வந்த நாடுகள்கூட இதனைத் தாமதமாகவே உணர்ந்தன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் அவசர சிகிச்சை ஆராய்ச்சிக்கென இளம் ஆய்வாளர் பயிற்சித் திட்டமொன்றை 2011 இலும் தனி அலுவலகமொன்றை 2012 இலுமே ஏற்படுத்தின. பிரித்தானியாவில் அரசாங்கத்தின் சுகாதார ஆய்வு நிறுவகம் வழங்கும் புலமைப்பரிசில்களுக்கு வைத்தியர்கள் மட்டுமன்றித் தாதியரும் அம்புலன்ஸ் உதவியாளர்களும் விண்ணப்பிக்கலாம். இது சிறிய விடயமன்று. வண்டிக்குள் இருப்பவரே வண்டிக்குள் நடப்பதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும்.

எமது வாசகர்கள் சமாதான முயற்சிகளின் அனுசரணையாளராக மட்டுமே அறிந்த நோர்வே, இவ்விடயத்தில் வேறொரு பாடத்தையும் தருகிறது. அந்நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஓஸ்முண்ட் லார்டல் என்பவர், செயற்கைச் சுவாசம் பழகுவதற்கான ஆளுயரப் பொம்மையை 1960 இல் உருவாக்கினார். அவரது நிறுவனத்தின் வழியாக 1980 இல் அமைக்கப்பட்ட மன்றம் அவசர மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி வழங்கி வருகிறது. 1978 இல் யென்ஸ் மோ என்ற வைத்தியர் தொடக்கிய வான்வழி அம்புலன்ஸ் அமைப்போ, சாதாரண மக்களின் அங்கத்துவச் சந்தாவில் வளர்ந்தது. இன்றும் அந்தப் பணத்தில் இளம் ஆய்வாளர்கள் கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொள்கின்றனர். ஹெலிகொப்டருக்குப் பணம் தருபவர், அந்த ஹெலிகொப்டர் உண்மையில் பயன் தருகிறதா என்று ஆராயவும் பணம் தருகிறார் என்பதே இதில் நாம் வியக்க வேண்டியது.

நோர்வேயின் இன்னொரு பங்களிப்பு எம்மை மிக அண்மித்துத் தொடுகிறது. ஹான்ஸ் ஹூசும், மட்ஸ் கில்பேர்ட் முதலிய வைத்தியர்கள் கண்ணிவெடிகள் நிறைந்த வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் 1997 முதல் 2001 வரை ஒரு முறையைப் பரீட்சித்தனர். அம்புலன்ஸ்களை அவர்கள் கொண்டுசெல்லவில்லை. ஏறத்தாழ 135 உள்ளூர் மருத்துவ உதவியாளர்களையும், கிராமங்களில் 5,200 சாதாரண மக்களையும் முதலுதவியில் பயிற்றினர். விவசாயிகள், பாடசாலை ஆசிரியர்கள் போன்றோரே அவர்கள். காயமடைந்தோரிடையேயான மரண வீதம் அந்த ஐந்து வருடங்களில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. 2003 இல் வெளியான அவ்வாய்வு வறிய நாடுகளின் அவசர சிகிச்சை பற்றிப் பேசும் எவரும் தவறாது சுட்டும் ஆதாரமாகிவிட்டது.

கண்ணிவெடியும் எறிகணையும் எமக்குப் புதியவையா? மூன்று தசாப்தப் போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் காயமடைந்தோரைச் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் சுமந்து சென்றவர்களும், மருந்தின்றி மின்சாரமின்றிக் குருதியை நிறுத்தக் கற்றுக்கொண்ட தாதியரும் தொண்டர்களும் ஏராளம். அவர்கள் கற்றவற்றுள் எவை உயிரைக் காத்தன, எவை காக்கவில்லை என்பது பெரும்பாலும் பதிவு செய்யப்படவேயில்லை. கம்போடியக் கிராமத்தவரின் அனுபவம் மருத்துவ சஞ்சிகையில் இடம்பெற்று உலகுக்குப் பாடமாயிற்று. எமது மக்களின் அனுபவம் முதியோரின் நினைவுகளோடு அழிந்துகொண்டிருக்கிறது. போர்க்காலத்தில் ஆய்வு செய்யும் வாய்ப்பு இருக்கவில்லை என்பது உண்மை. போர் முடிந்த 2009 இன் பின்னரும் எவரும் அவர்களிடம் சென்று முறையாகக் கேட்டு எழுத நிதி ஒதுக்காமைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இலங்கையில் இவ்வாறான ஆய்வு சாத்தியமில்லை என்று கூறுவோருக்கு எமது நாட்டிலேயே மறுப்பு உண்டு. 1990 களின் நடுப்பகுதியில் இங்கு வந்த மைக்கல் எடில்ஸ்டன் என்ற பிரித்தானிய இளைஞர், நஞ்சு உட்கொண்ட நிலையில் கிராமப்புற வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்படுவோரின் சிகிச்சையை ஆராயத் தொடங்கினார். இளம் ஆய்வாளர்களுக்கென லண்டனின் வெல்கம் அறக்கட்டளை வழங்கும் நிதியே அவருக்குக் கைகொடுத்தது. மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளிடையே, கரித்தூளைப் பல தடவைகள் கொடுப்பது உயிரைக் காக்கிறதா என்று அவரும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து ஆராய்ந்தனர். 2008 இல் வெளியான முடிவின்படி, பல தடவை பெற்றவர்களில் இறந்தோர் 6.3 சதவீதம், அறவே பெறாதவர்களில் 6.8 சதவீதம். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. வலுக்கட்டாயமாக நோயாளிக்கு ஊட்டப்பட்டு வந்த ஒரு மருந்து, அனைவருக்கும் வழமையாகக் கொடுக்க வேண்டியதல்ல என்பது உலகிலேயே முதற்தடவையாக இத்துணை பெரிய அளவில் எமது வைத்தியசாலைகளில்தான் தெரியவந்தது. 2011 இல் இலங்கைப் பேராசிரியர் ஜனக டி சில்வாவின் குழுவினர் பாம்புக்கடியால் பாதிக்கப்பட்ட 1,007 பேரிடையே நடத்திய ஆய்வு, விஷமுறிவு மருந்துக்கு முன்னர் குறைந்தளவு அட்ரினலின் கொடுப்பது ஆபத்தான ஒவ்வாமையை வெகுவாகக் குறைக்கிறது என்று காட்டியது. எமது வைத்தியர்களிடம் ஆற்றல் இல்லாமலில்லை. லண்டனிலிருந்து பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்தலான விடயம்.

பாம்புக்கடியையே மேலும் நோக்கலாம். வீடு வீடாகச் சென்று 165,665 பேரைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2016 இல் வெளியிடப்பட்ட தேசிய அளவிலான ஆய்வு, நாட்டில் ஒரு வருடத்தில் 80,514 பேர் பாம்பினால் கடிக்கப்படுவதாகவும் 464 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவேடுகளை மட்டும் பார்த்திருந்தால் இத்தொகை தெரியவந்திராது. வயலில் கடிபட்டவரை 1990 வண்டிக்காகக் காத்திருக்கச் செய்வதா, கிடைக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றுவதா? அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கா, தொலைவிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கா? முல்லைத்தீவிலும் அம்பாறையிலும் விவசாயிகள் அன்றாடம் எதிர்நோக்கும் இக்கேள்விகளுக்கு ஹூஸ்டனிலோ ஒட்டாவாவிலோ விடை கிடைக்காது.

இங்கு ஒரு முக்கிய தடையையும் பேசியாக வேண்டும். மயங்கிக் கிடப்பவரிடம் ஆய்வுக்கு எவ்வாறு சம்மதம் பெறுவது? அமெரிக்கா 1996 இல் இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி ஆய்வு தொடங்குமுன் அப்பகுதி மக்களிடம் கலந்தாலோசித்து, பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பிரித்தானிய அட்ரினலின் ஆய்வில் பங்குபெற விரும்பாதோர் கையில் அணிந்துகொள்ள உலோகக் காப்பொன்று வழங்கப்பட்டது. எமது நாட்டிலோ பிரச்சினை சட்டத்தோடு முடிந்துவிடாது. கொவிட் தொற்றுக் காலத்தில் ஜனாசாக்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 முதல் 2021 பெப்ரவரி வரை அவை பலவந்தமாக எரிக்கப்பட்டன. விஞ்ஞானத்தின் பெயரால் அது நியாயப்படுத்தப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியபோதிலும் அந்த வடு ஆறவில்லை. போரின் பின்னரான தமிழ் மக்களின் நிலையும் வேறானதல்ல. சீருடையணிந்த எவரேனும் தகவல் கேட்டால் முதலில் எழுவது அச்சமே. இத்தகைய மக்களிடையே அவசர சிகிச்சை ஆய்வொன்றை நடத்துவதற்கு, அவர்களின் மொழியில் பேசி, அவர்களின் பள்ளிவாசலிலும் கோயிலிலும் சனசமூக நிலையத்திலும் அமர்ந்து விளக்கக்கூடிய ஆய்வாளர்கள் வேண்டும். வெளியூர் நிபுணர் ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்து இதனைச் செய்துவிட முடியாது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் பயின்று வெளியேறும் இளையோரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். இலங்கை தனது மொத்த உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவையே எல்லாத் துறை ஆராய்ச்சிகளுக்குமாக நீண்ட காலமாகச் செலவிட்டு வந்துள்ளது. 2022 இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற நாடு ஆராய்ச்சிக்கு எங்கே போகும் என்று கேட்பதும் நியாயமே. ஆனால் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்குப் பத்து இளம் ஆய்வாளர்களுக்குத் தலா 15 இலட்சம் ரூபா கொடுத்தால் ஒன்றரைக் கோடி ரூபா. அம்புலன்ஸ் சேவைக்கு இந்தியா தந்த மொத்த நன்கொடையில் நூற்றில் ஒரு பங்கு, டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஆறே முக்கால் கோடி ரூபா. அந்த ஒரு பங்கு மட்டும் நான்கு வருடங்களுக்கு மேல் போதுமானது. பயனற்ற ஒரு மருந்தையோ கருவியையோ எல்லா வண்டிகளிலும் வைத்திருப்பதை ஓர் ஆய்வு தவிர்த்துவிட்டால் அந்தச் செலவின் கணிசமான பகுதி மீண்டும் கைக்கு வந்துவிடும்.

அரசாங்கத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதுமில்லை. புலம்பெயர்ந்த எமது உறவுகளும் உள்ளூர்ச் செல்வந்தர்களும் வைத்தியசாலைகளுக்குக் கட்டடமும் கருவியும் வழங்குகின்றனர். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். இளம் ஆய்வாளர் ஒருவரின் இரண்டு வருட உழைப்பில் பெயர் பொறிக்க இடமில்லை. தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் போலும். ஆனால் எமது இரு சமூகங்களின் மரபு அவ்வாறிருக்கவில்லை. வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயில் வருமானத்தில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடைபெற்றதைக் கூறுகிறது. அதே கோயிலின் வருமானத்தில் மாணவர் பயிலும் கல்விச்சாலையும் நடந்தது. 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலைக்கு எழுதிவைக்கப்பட்ட வக்பு சொத்துக்கள் நோயாளரை மட்டுமன்றி மருத்துவக் கல்வியையும் தாங்கின. சிகிச்சையையும் கல்வியையும் ஒரே அறமாகக் கண்டவர்கள் எமது முன்னோர்.

நிதி அமையுமாயின் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. அதில் ஒரு பகுதி வைத்தியரல்லாத தாதியருக்கும் அம்புலன்ஸ் உதவியாளர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். கொழும்பும் பேராதனையும் மட்டுமே பங்கிட்டுக்கொள்ளும் நிலை வரக்கூடாது. ஆய்வின் முடிவு சேவைக்குச் சங்கடமாக இருந்தாலும் வெளியிடப்பட வேண்டும். கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் அதன் சாரம் தமிழிலும் சிங்களத்திலும் மக்களிடம் திரும்பி வர வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சுவசெரிய மன்றம், பெயர் நீக்கப்பட்ட பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இறுதியாகச் சொன்னதற்குப் பணமே தேவையில்லை.

பதிவுகள் திறக்கப்பட்டால் உடனடியாகக் கேட்கக்கூடிய கேள்விகள் பல. 13 நாடுகளில் முஸ்லிம் நீரிழிவு நோயாளர்களிடையே நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வொன்று, ரமழான் நோன்பு மாதத்தில் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைவது பல மடங்கு அதிகரிப்பதைக் காட்டியது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு மாதத்தின் பிற்பகல்களில் மயக்கத்துக்கான 1990 அழைப்புகள் கூடுகின்றனவா? கூடுமாயின் எந்த மணித்தியாலத்தில்? விரல் நுனியில் ஒரு துளி இரத்தமும் சிறிதளவு குளுக்கோசும் போதுமான பிரச்சினை அது. நெடுந்தீவிலிருந்தும் மலையகத் தோட்ட லயன்களிலிருந்தும் வரும் அழைப்புகளில் நோயாளி வைத்தியசாலையை அடைய உண்மையில் எவ்வளவு நேரமாகிறது? நாடு முழுவதற்குமான சராசரி நிமிடக் கணக்கில் அவர்கள் மறைந்துபோகிறார்கள். எல்லாவற்றிலும் எளிய கேள்வி ஒன்றுண்டு. தமிழில் பேசும் ஒருவரின் அழைப்பு ஏற்கப்பட்ட விநாடியிலிருந்து வண்டி புறப்படும் விநாடி வரையான இடைவெளி, சிங்களத்தில் பேசுபவரின் இடைவெளிக்குச் சமமாக இருக்கிறதா? இதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அழைப்பு நிலையத்தின் பதிவுகளும், புள்ளிவிபரம் கற்ற இளைஞர் ஒருவரும், அவருக்கு ஆறு மாதச் சம்பளமும் போதும்.